உள்ளே உட்கார ஓர் ஆள்

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைக் கீழே வையுங்கள். கார்ப்பெட் மேலேயே வையுங்கள், பரவாயில்லை. நன்றாக அழுத்துங்கள். ஈரம் தெரிகிறதா?

இல்லையா? அவசரப்படாமல் பார்த்துச் சொல்லுங்கள். குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் அந்த ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கேயும் இல்லையா? உங்கள் துப்பட்டாவிலிருந்து சொட்டுவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது நீங்கள் கொண்டு வந்த தண்ணீர்.

அப்படிப் பார்க்காதீர்கள். எனக்குக் கோட்டி ஒன்றும் பிடிக்கவில்லை. செய்துங்கநல்லூர் ஸ்டாப்பில் இந்த மழையில் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், பாவமாக இருந்தது, நிறுத்தினேன். குரும்பூர்தானே? இதே ரோடுதான். நான் நாசரேத் போகிறேன். அங்கே ஜெசிந்தா என்று எனக்கு ஒரு சிநேகிதி. இப்போதும் சிநேகிதிதானா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. மங்கை என்றே கூப்பிடலாம். யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி, நாலாவது வருஷம். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி. இல்லை, டாக்டர் பட்டம் வாங்கினாலும் ஊசி போட மாட்டேன். எங்கள் அத்தைமார் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள், நீங்கள் புதிதாகக் கேட்க வேண்டாம்.

இந்தக் கார் என்னைவிட ஒரு வயது சின்னது. சித்தப்பா புது வண்டி எடுத்தபோது, "ஓட்டிப் பழகிக்கோ, இடிச்சாலும் கவலையில்ல" என்று சொல்லி எனக்குத் தந்தார். நான் இதுவரை எங்கேயும் இடித்ததில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்.

நானும் ஜெசிந்தாவும் பாளையங்கோட்டையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து மூன்று வருஷம் இருந்தோம். அவள் கெமிஸ்ட்ரி. அதிகம் பேச மாட்டாள். நான் பேசுவேன். ஒருத்தி பேச, ஒருத்தி கேட்க, ஒரு வீட்டில் வேறென்ன வேண்டும்? ஆனால் அவளிடம் ஒரு குறை. வாதாட வர மாட்டாள். "இட்லிக்கு உளுந்து அதிகம், மங்கை" என்பாள். நான் ஏன் அது அதிகமில்லை என்று விளக்குவேன். "சரிப்பா" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சரிப்பா என்பது ஒரு பதிலா? ஒத்துக்கொண்டாளா, ஒதுங்கிக்கொண்டாளா, எப்படித் தெரிந்துகொள்வது? நானாக இருந்தால் தட்டோடு உட்கார வைத்துப் பேசித் தீர்த்திருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. திங்கட்கிழமை காலையில் கார்க் கதவைத் திறக்கிறேன், ஊறின சாக்கு நாற்றம். நீங்கள் இப்போது கால் வைத்திருக்கும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் என் துணிப்பை.

துணிப்பையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். நாற்பத்தொரு பெண்கள். முக்கூடல், கடையம், ஆலங்குளம் என்று வீடு வீடாகப் போய், பீடி சுற்றுகிற கை நிற்காமல் அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன். செல்போனை எடுத்தாலே வாயை மூடிக்கொள்வார்கள், அதனால் எல்லாம் கையால்தான். அதுவும் மைப்பேனாவில். எனக்குப் பால்பாயிண்ட் பிடிக்காது. "மை தண்ணி பட்டா போயிரும், மங்கை" என்று ஜெசிந்தா ஒருமுறை சொன்னாள்தான். தண்ணீர் ஏன் படப் போகிறது என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதானே? தாளைப் பிரித்தால் நீல நீலமாகத் திட்டு. ஒரு அம்மா தன் முதல் பிள்ளை செத்த கதையைச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம்.

யார் செய்தது? நான் உணர்ச்சிவசப்படவில்லை. ஆதாரத்தை வைத்துத்தான் பேசினேன். சனிக்கிழமை காரைக் கடைசியாக எடுத்தது ஜெசிந்தா, அவள் அம்மாவை ஜங்ஷனில் விட. அம்மா உட்கார்ந்தது இடது பக்கம், தண்ணீர் நின்றதும் இடது பக்கம். அந்த அம்மாவுக்குக் காரில் ஏறினால் குமட்டும், ஜன்னலை இறக்கித்தான் உட்காருவார். இறக்கின ஜன்னலை முழுசாக ஏற்றாமல் விட்டிருக்கிறாள். திங்கட்கிழமை ஜன்னல் ஏற்றித்தான் இருந்தது என்றால், நடுவில் நான்தான் வந்து தெரியாமல் ஏற்றியிருப்பேன். எல்லாம் பொருந்துகிறதா இல்லையா?

பொருந்துகிறது இல்லையா! நீங்களே சொல்கிறீர்கள்.

அவள் சொன்னாள், "ஏத்திட்டுத்தான் வந்தேன், மங்கை." நான் கேட்டேன், எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய்? கையால் தடவிப் பார்த்தாயா? பூட்டின பிறகு அந்தப் பக்கம் சுற்றி வந்து பார்த்தாயா? இல்லை என்றாள். பிறகு எப்படி ஏற்றினேன் என்று சொல்லலாம்? ஒரு அரைமணி நேரம் இருக்கும். கீழ்வீட்டு அம்மா படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஜெசிந்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி மங்கை. நான்தான் விட்டிருப்பேன்" என்றாள்.

ஒத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் லேபுக்குப் போகவில்லை. என் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஃபேனுக்கு அடியில் பரப்பி, மேலே ஸ்பூன், டம்ளர், சோப்பு டப்பா என்று கையில் கிடைத்ததையெல்லாம் பாரம் வைத்தாள். காய்ந்ததை வெளிச்சத்தில் பிடித்து, பேனா அழுத்தின தடத்தை வைத்துப் படித்துப் படித்து, வேறொரு நோட்டில் எழுதினாள். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். புரியாத இடத்தில் புள்ளி வைத்திருந்தாள், இட்டுக்கட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் அதைப் பார்த்துவிட்டு, தப்புச் செய்யாதவள் எதற்காக இப்படி உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, சொன்னேன். நாலாவது ஆதாரம் என்றேன்.

நோட்டை என் மேஜையில் வைத்தாள். மறுநாள் பெட்டியோடு நின்றாள். "ஊர்ல இருந்தே ட்ரெயின்ல வந்துக்கிடுதேன், மங்கை. அம்மாவுக்கும் தனியா இருக்க முடியல." பெட்டியைத் தூக்க நான் உதவினேன். அந்த மரியாதையெல்லாம் நான் குறைத்ததில்லை.

ஒரு நிமிஷம். இந்த லாரிக்காரர் கண்ணாடி முழுக்கச் சேற்றை அடித்துவிட்டார்... ஆ, தெரிகிறது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி மழை. ஞாயிற்றுக்கிழமை. காரை நான் தொடவே இல்லை. நாலு ஜன்னலும் ஏற்றியிருக்கிறது, வெள்ளிக்கிழமையே என் கையால் தடவிப் பார்த்தேன். திறக்கிறேன். அதே சாக்கு நாற்றம். அதே இடத்தில் தண்ணீர்.

எனக்கு எப்படி இருந்தது என்றா கேட்கிறீர்கள்? கோபம் வந்தது. யார் மேல் என்றால்... காரின் மேல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அன்றைக்கே கண்டுபிடித்தே தீருவேன் என்று ஆரம்பித்தேன். முதலில் பேப்பர். தரை முழுக்கத் தினசரியை விரித்து எந்தத் தாள் முதலில் நனைகிறது என்று பார்ப்பது. எல்லாத் தாளும் சேர்ந்தே நனைந்தது. அடுத்தது மாவு. கதவு ரப்பர் ஓரமெல்லாம் மாவைத் தூவிவிட்டால் தண்ணீர் ஓடின தடம் கோடாகத் தெரியும். கீழ்வீட்டு அம்மா பொன்னுத்தாய் கோலப்பொடி தந்தார், வெள்ளைக்கல் பொடி. "இதப் போடு, பிள்ள. சுத்தமா தெரியும்." நான் விடுவேனா? கல்பொடி ரப்பரை அரிக்கும், பச்சரிசி மாவுதான் சரி என்று விளக்கினேன். "உன் இஷ்டம் தாயி" என்று அரை ஆழாக்கு அரிசிமாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். முதல் நாள் சிற்றெறும்பு வந்தது. மூன்றாம் நாள் கட்டெறும்பு. தண்ணீர் வந்த தடம் எது, எறும்பு தின்ற தடம் எது, ஒன்றும் விளங்கவில்லை. கியர் போட்டால் கையில் கடி. நீங்கள் சிரிக்கலாம். பொன்னுத்தாயம்மாவும் சிரித்தார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

பிறகு மேலப்பாளையம் மெக்கானிக் மைதீன் அண்ணனிடம் போனேன். முன்கண்ணாடி ரப்பரைச் சுற்றிப் பசை வைத்தார். அடுத்த மழையில் அதே கதை. திரும்பப் போய் நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, தண்ணி உள்ள நுழையிற இடம் ஒண்ணு, நீங்க பாக்கிற இடம் ஒண்ணு. நடுவுல அது எங்கெங்க சுத்துதுன்னு பாக்கணும்னா ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் வெளிய ஓஸ் பைப்புல தண்ணி ஊத்தணும். ஒருத்தர் உள்ள டார்ச்சோட படுத்துக் கெடக்கணும். கீழ இருந்து ஆரம்பிச்சு கொஞ்சங் கொஞ்சமா மேல போணும். ஒரு இடத்துக்குப் பத்து நிமிசம்."

நீங்களே படுங்கள் என்றேன்.

"முதுகு கேக்காதும்மா. வீட்லதான் ஆள் இருக்கே, அந்தக் கண்ணாடி போட்ட பிள்ள? போன வருசம் ஸ்டெப்னி மாட்டயில அதுதானே ஜாக்கியப் பிடிச்சிட்டு நின்னுச்சு?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய் இல்லையே?

இரண்டு ஆள். நீங்களே யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு அநியாயமான ஏற்பாடு! நான் வெளியே ஊற்றினால் உள்ளே பார்க்க ஆளில்லை. குழாயை மூடிவிட்டு, காலைத் துடைத்து, உள்ளே போய்க் குப்புறப் படுத்தால், சொட்டு நின்றுவிடுகிறது. வெளியே போனால் சொட்டுகிறது போலிருக்கிறது, உள்ளே வந்தால் நிற்கிறது. யாரைக் கூப்பிடுவது? பொன்னுத்தாயம்மா கதையைத்தான் சொன்னேனே. எதிர்வீட்டு பேங்க்காரர் காரை எங்கே நிறுத்துவது என்கிற தகராறில் முகம் கொடுப்பதில்லை. டிபார்ட்மெண்டில் கேட்கலாம். கேட்டால், "ஜெசிந்தா எங்கே?" என்பார்கள்.

கடைசியில் செல்போனை உள்ளே சாய்த்து வைத்து, டார்ச்சையும் போட்டுவிட்டு, வீடியோவை ஓடவிட்டு வெளியே ஊற்றினேன். நாற்பத்தெட்டு நிமிஷம். பிறகு மாடியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். காலி சீட். தரை. கண்ணாடியில் தண்ணீர் வழிகிற சத்தம். என் குரல் கேட்கிறது. "இப்ப வருதா?" கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பக்கம் வருதா? நல்லாப் பாத்துச் சொல்லு." அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி, "வருதா?"

நான் பேசினது எனக்கு ஞாபகமே இல்லை. சோதனை செய்கிறவள் கேள்வி கேட்கத்தானே வேண்டும், அதிலென்ன? ஒரு இடத்தில் "ஜெசி" என்று சொன்ன மாதிரி இருக்கிறது. ஓஸ் சத்தத்தில் தெளிவாக இல்லை. அதை ஆதாரமாக எடுக்க முடியாது. நான் அந்த வீடியோவை ஐந்தாறு தடவை பார்த்தேன். சரிபார்க்கத்தான்.

ஆனால் முப்பத்தொன்றாவது நிமிஷத்தில் சொட்டு விழுந்தது. ஜன்னலிலிருந்து இல்லை. கதவிலிருந்தும் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே, காற்று வருகிற ஃபேன் பெட்டியிலிருந்து. அப்போது நான் ஊற்றிக்கொண்டிருந்தது முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கிறதே, அந்த இடத்தில். அங்கே ஒரு தகரத் தொட்டி மாதிரி இருக்கிறது. மழைத்தண்ணீர் அதில் விழுந்து ஓரத்தில் ஒரு ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போய்விட வேண்டும். ஓட்டை அடைத்தால் தொட்டி நிரம்பும், நிரம்பினால் ஃபேன் வழியாக உள்ளே இறங்கும். கரண்டிக் காம்பை விட்டு நோண்டினேன். தேயிலைத் தூள் மாதிரிக் கறுப்பாக, ஒரு சொம்பு அளவுக்கு வந்தது. எல்லாம் தூங்குமூஞ்சி மரத்து இலை. சின்னச் சின்னதாக இருக்குமே, அந்த இலை. தோண்டி முடித்ததும் 'களக்' என்று தண்ணீர் கீழே இறங்கின சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்க யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மரமா? எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் அடியில்தான் காரை நிறுத்துவேன். அந்த இடத்தை பேங்க்காரரிடம் வாதாடி வாங்கினதே நான்தான், ரோடு எல்லாருக்கும் பொது என்று. இரண்டு மாசம் நடந்தது. அவர் இப்போது வெயிலில் நிறுத்துகிறார். ஜெசிந்தா அப்போதே, "மரத்தடி வேண்டாமே மங்கை, இலையெல்லாம் கண்ணாடிக்குக் கீழ போய் அடையுது" என்றாள். நிழல் இல்லாவிட்டால் டேஷ்போர்டு வெடிக்கும் என்று நான் விளக்கினேன். அவள் சரிப்பா என்றாள். இப்போது புரிகிறதா நான் ஏன் அந்த வார்த்தையை வெறுக்கிறேன் என்று? அன்றைக்கு இன்னும் ரெண்டு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நான் கேட்டிருப்பேன்!

கேட்டிருக்க மாட்டேனா? என்னைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்? முக்கால் மணி நேரப் பழக்கம்.

சரி, அதை விடுங்கள். இன்றைக்கு எதற்குப் போகிறேன் என்றால், உண்மையைச் சொல்ல. மன்னிப்புக் கேட்க என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேறு. நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், முன்னால் அந்த டப்பாவில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு என் கையில் இருந்த ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் என் முடிவு தப்பில்லை. அதை முதல் ரெண்டு பக்கத்தில் நிறுவியிருக்கிறேன். மூன்றாவது பக்கத்தில் இலை. நாலாவது பக்கம்தான் முக்கியம். செய்யாத தப்பைச் செய்தேன் என்று அவள் ஒத்துக்கொண்டாளே, அது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நான் அத்தோடு தேடுவதை நிறுத்தினேன். அப்படியானால் இதில் அவளுக்கும் பங்கு உண்டா இல்லையா?

என்ன சொன்னீர்கள்?

இன்னொரு தடவை சொல்லுங்கள். "நானா இருந்தா கதவையே திறக்க மாட்டேன்." அப்படியா? ஏன்? சொல்லுங்கள், சொல்லுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

...

பேசவிட்டால்தானே பேசுவாள் என்கிறீர்கள். அரைமணி நேரம் நிற்க வைத்துக் கேட்டால் கொலையைக்கூட ஒத்துக்கொள்வாள் என்கிறீர்கள். ஒரு வாரம் கண் வலிக்க உட்கார்ந்து எழுதினவளைப் பார்த்து நாலாவது ஆதாரம் என்று சொன்ன வாயை... நல்லது. அந்த வார்த்தையை எங்கள் அம்மாகூடச் சொன்னதில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறேன், இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்கிறீர்கள். என்னைப் போலவா? எப்படி? எடுத்துப் போட்ட நூறு சேலையிலும் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, கடையில் சரக்கே இல்லை என்று இறங்கிப் போவார்களே, அவர்களா?

இல்லை, கோபமில்லை. உண்மையாகவே இல்லை. மூன்று மாசத்தில் இவ்வளவு நேரம் என்னோடு யாரும் பேசவில்லை.

கேம்பஸில் அவளைப் பார்ப்பேன். ட்ரெயினைப் பிடிக்கச் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். "சாப்பிட்டியா, மங்கை?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். நான் இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லத் திரும்பினால் முதுகுதான் தெரியும்.

என்ன?

விலக்கா? நாசரேத்துக்குத் திரும்புகிற விலக்கு போய்விட்டதா? எப்போது? ஆழ்வார்திருநகரி தாண்டினதும் வரும், நான்தான் பேச்சு சுவாரஸ்யத்தில்... போர்டைப் பார்த்தீர்களா? நான் அதைப் பார்த்துக்கொண்டே தாண்டினேன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? காலை பிரேக்கில் வைத்துவிட்டு எடுத்தேனா? நன்றாகக் கவனிக்கிறீர்களே!

போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். பனங்கிழங்கு விற்கிற ஒரு அக்காவை ஏற்றினேன், பேசிக்கொண்டே ஆறுமுகநேரி வரைக்கும் போய்விட்டேன். அதற்கு முந்தின ஞாயிறு ஒரு வாத்தியாரம்மா, திருச்செந்தூர். கோயிலுக்கே போய்த் திரும்பினேன். அந்த ரெண்டு பேரிடமும் ஜெசிந்தா பெயரைச் சொல்லவில்லை. தண்ணீர் ஒழுகுகிற கதையை மட்டும் சொன்னேன். அவர்கள் இறங்கும்போது, நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

குரும்பூர் வந்தாயிற்று. இந்த டீக்கடை ஓரமா? மழை விடவில்லையே, உங்கள் வீடு வரைக்கும் வருகிறேனே. சந்து என்றால் என்ன, நுழைந்துவிடுவேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. வேண்டாமா? நிஜமாக வேண்டாமா?

ஏன் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

நான் காரைத் திருப்புகிற வரைக்கும் இறங்க மாட்டீர்களா? இது என்ன, மிரட்டலா? யாருடைய கார் இது? ... திருப்புகிறேன். திருப்புகிறேன் என்றேனே. பார்த்துக்கொள்ளுங்கள், பஸ் ஏதும் வருகிறதா அந்தப் பக்கம்.

திருப்பியாயிற்று. போதுமா? இப்போது இறங்குங்கள். கதவை மெதுவாகச் சாத்தினால் போதும். அந்தத் தாள்களை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? நாலு பக்கம், மூன்று நாள் உட்கார்ந்து எழுதினது! நனைகிறது பாருங்கள். அதுவும் மைப்பேனா.

சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் குனிந்து வாருங்கள். அது இல்லாமல் நான் அங்கே போய் என்ன சொல்வேன்? அவள் கதவைத் திறப்பாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாள். ஜெசி, ஜன்னல் மூடித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். நீ மூடிவிட்டுத்தான் வந்தாய். அப்புறம்?

அவ்வளவுதானா? அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாதா? ஏன், எப்படி என்று எதுவும்?

அவள் பேசுகிற வரைக்கும் நான் பேசாமல் நிற்க வேண்டுமா? அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலுமா?